வேடந்தாங்கல்: ஓர் ஊர் ஏரியின் பறவை வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வேடந்தாங்கல். அதன் ஏரி பெரிதல்ல. பரப்பு சுமார் 30 ஹெக்டேர். ஆனால் ஊர் மக்களே முன்வந்து காத்து, அரசிடம் எழுத்தில் உறுதியும் பெற்ற நீர்ப்பறவைக் குடியிருப்புகளில் இந்தியாவிலேயே மிகப் பழையவற்றுள் இது ஒன்று. அந்த உறுதி 1798ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வனத்துறையோ காட்டுயிர்ச் சட்டமோ சரணாலயம் என்ற ஏற்பாடோ நாட்டில் இல்லாத காலம் அது. உழவர்கள் தொடங்கிய அந்தக் காவலின் மேல்தான் பின்னால் வந்த பறவை நோக்கர்களின் குறிப்பேடும், ஒளிப்படக்காரர்களின் கேமராவும், அரசின் ஆணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அமைந்தன.

ஏரியும் ஊரும்

தொண்டைமண்டலம் ஏரிகளின் நாடு. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. மழையோ ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைப் பிடித்துவைத்துப் பயிர் விளைவிக்க, சரிந்து இறங்கும் நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. இப்படி ஊருக்கு ஊர் தொடர்ந்த ஏரிகளில் ஒன்றுதான் வேடந்தாங்கல் ஏரி.

ஏரியைப் பேணுவது இந்தப் பகுதியில் நெடுங்காலமாக ஊரின் பொறுப்பாக இருந்தது. வேடந்தாங்கலுக்கு அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவையும் அதற்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுத்த முறையையும் சொல்கின்றன. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் வீட்டுக்கு ஒருவராகச் சென்று கரை பலப்படுத்தி, வரத்துக் கால்வாய் தூர்வாரும் வழக்கம் நீடித்தது. மதகைத் திறந்து மூடும் உரிமை, மீன்பிடிக் குத்தகை, வண்டல் எடுக்கும் முறை, ஏரிக்குள் நிற்கும் மரங்களின் பயன் என ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஓர் ஒழுங்கு இருந்தது. பறவைகளைக் காத்ததும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது.

வேடந்தாங்கல் ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. அடிமரம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கி நிற்கும் இயல்புடையவை அவை. கருவேல மரங்களும் உண்டு. மழைக்குப் பின் ஏரி நிரம்பியதும் ஒவ்வொரு மரமும் நீரால் சூழப்பட்ட தீவாகிவிடும். நரி, காட்டுப்பூனை போன்ற தரைவாழ் வேட்டையாடிகள் கூடுகளை அண்டுவது அரிது. கூடு கட்டச் சுள்ளியும், சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீன், நத்தை, தவளை, பூச்சி என இரையும் கிடைக்கின்றன. பாதுகாப்பும் இரையும் ஒரே பருவத்தில் கூடிவருவதால்தான் நீர்ப்பறவைகள் இந்தச் சிறிய ஏரியை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தன.

எச்சம் உரமானது

நல்ல மழை பெய்த ஆண்டில் ஐப்பசி முதலே பறவைகள் வந்து சேரத் தொடங்கும். நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, சாம்பல் நாரை, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், பலவகைக் கொக்குகள் ஆகியவை இங்கே கூடு கட்டுகின்றன. இவற்றோடு வட நாடுகளில் குளிர் கடுமையாகும்போது வலசை வரும் ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவையும் ஏரியில் தங்கும். வலசை வருபவை கூடு கட்டுவதில்லை. கோடை நெருங்கும்போது வடக்கே திரும்பிவிடும். கூடு கட்டுபவை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து, பங்குனி, சித்திரை வாக்கில் ஏரி வற்றும்போது கலைந்துபோகும்.

பகல் முழுவதும் பெற்றோர் பறவைகள் வெளியே போய் இரை தேடித் திரும்புகின்றன. நத்தைக்குத்தி நாரை நெல்வயல்களில் நத்தை பொறுக்கும். கூழைக்கடா மீனுக்காகத் தொலைதூர ஏரிகளுக்கும் பறந்து போகும். உண்டதன் கழிவை அவை தங்கும் மரங்களிலிருந்தே நீரில் விடுகின்றன. பல சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் சத்து இவ்வாறு நாள்தோறும் ஒரே ஏரிக்குள் வந்து சேர்கிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்த நீர் மதகு வழியே இறங்கி ஆயக்கட்டு நிலத்தில் பாயும்போது பயிருக்குத் தனியாக உரம் இட்டது போலாகிறது. இரசாயன உரம் கண்டறியப்படாத காலத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்திருக்கும். பறவை நிறைந்த ஏரியின் கீழ் விளைச்சல் கூடுகிறது என்பது வேடந்தாங்கல் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை.

இங்கே இரக்கமும் தேவையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாயின. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுப்பதும், ஏரிக்குள் மரம் வெட்டாமல் இருப்பதும், பறவை மேல் கல்லெறியும் சிறுவரைக் கண்டிப்பதும் ஊர் வழக்கமாயின. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் என வேடந்தாங்கலும், சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி ஏரிகளை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியும் இன்றும் பேசப்படுகின்றன. பறவை நோக்குதல் என்ற பெயரில் அறியப்படாவிட்டாலும், எந்தப் பறவை எப்போது வரும், எது முதலில் கூடு கட்டும், எந்த ஆண்டில் வராமல் போகும் என்பதை இந்த ஊர்களின் மக்கள் அறிந்திருந்தார்கள். வேடந்தாங்கலின் முதல் பறவை நோக்கர்கள் அவர்களே.

1798ஆம் ஆண்டுக் கவுல்

செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் ஜாகீராக, அதாவது வரி வாங்கும் உரிமையோடு, பெற்றது. அடுத்து வந்த மைசூர்ப் போர்களில், குறிப்பாக 1780க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஊர்கள் பாழாகி ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், வரி வருவாய் பெருக வேண்டுமானால் ஏரிகள் சீராக வேண்டும் என்பதை உணர்ந்து பழுதுபார்ப்பில் முனைந்தவர். மதுராந்தகம் பெரிய ஏரி உடையாமல் காக்கப்பட்ட கதையில் வரும் கலெக்டரும் இவரே. கரையில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைக் கண்டார் என்ற நம்பிக்கையால் அங்குள்ள கோயில் இறைவன் ஏரி காத்த ராமர் எனப் பெயர் பெற்றார்.

இந்தக் காலத்தில்தான் கம்பெனிப் படையினர் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். துப்பாக்கி வெடித்தால் செத்த பறவைகள் போக மிச்சமும் கூட்டை விட்டு ஓடிவிடும். அந்த ஆண்டின் எரு போய்விடும். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். ஏரியில் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று காக்கும் உரிமையை ஊருக்கு அளித்து 1798இல் பிளேஸ் கவுல் என்ற எழுத்துறுதியை வழங்கினார். ஏரிகளைப் பழுதுபார்க்கப் பணம் செலவிட்ட ஒரு வருவாய் அதிகாரிக்கு, விளைச்சலைக் கூட்டும் பறவைகளைக் காக்கச் சொன்ன உழவர்களின் நியாயம் எளிதில் விளங்கியிருக்கும்.

கம்பெனி ஆட்சி முடிந்து அரசி விக்டோரியாவின் ஆட்சி தொடங்கிய 1858இல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது. ஊரார் புதிய ஆவணம் கேட்டுப் பெற்றது, அறுபது ஆண்டுக்குப் பின்னும் காவல் உயிரோடு இருந்ததற்குச் சான்று.

துப்பாக்கிக் காலம்

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நீர்ப்பறவைகளைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர்களாகவும் இருந்தனர். பறவையை அறிவதற்குச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பாடம் செய்வதே அன்றைய வழி. கூடுகளையும் முட்டைகளையும் சேகரிப்பது அறிவியலாகவும் பொழுதுபோக்காகவும் கருதப்பட்டது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1870களில் வெளியிட்ட நூல் இப்படிச் சேகரித்த பலரின் குறிப்புகளால் ஆனது.

இறகு வணிகம் இன்னொரு பேரழிவு. இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளைக் கொக்குகளின் முதுகில் வளரும் மெல்லிய தூவிகளுக்கு ஐரோப்பியத் தொப்பிக் கடைகளில் பெரும் விலை இருந்தது. தூவி வளரும் காலமும் கூடு கட்டும் காலமும் ஒன்று என்பதால், ஒரு கொக்கைக் கொன்றால் கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியில் மாண்டன. 1902இல் இந்திய அரசு இறகு, தோல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1887, 1912ஆம் ஆண்டுகளில் காட்டுப்பறவைகளைக் காக்கச் சட்டங்களும் வந்தன. ஆனாலும் வேட்டை குறையவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதாக அங்குள்ள கல்வெட்டுப் பலகை சொல்கிறது. அரசர்களின் வேட்டைக் களமாக உருவாக்கப்பட்ட பரத்பூரும், உழவர்களின் பாசன ஏரியாகக் காக்கப்பட்ட வேடந்தாங்கலும் பின்னாளில் புகழ்பெற்ற சரணாலயங்களாயின. ஒன்றன் தொடக்கம் துப்பாக்கி, மற்றொன்றன் தொடக்கம் துப்பாக்கி வேண்டாம் என்ற முறையீடு.

குறிப்பேடு ஏந்தியவர்கள்

சென்னை மாகாணத்துப் பறவைகளை முதலில் விரிவாக எழுதியவர்களுள் முதன்மையானவர் கம்பெனிப் படையின் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன். இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைந்த படங்களோடு 1840களில் சென்னையிலிருந்து ஒரு நூல் வெளியிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய பெருநூல் 1862க்கும் 1864க்கும் இடையில் வந்தது. கேமரா பறவைகளை அண்ட முடியாத அந்தக் காலத்தில் ஓவியமே காட்சி ஆவணம்.

1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கப்பட்டது. 1886 முதல் வந்த அதன் இதழ், நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து அதிகாரிகள், பாதிரியார்கள், தோட்ட முதலாளிகள், பின்னர் இந்திய ஆர்வலர்கள் எழுதிய பறவைக் குறிப்புகளுக்குக் களமானது. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் ஊர் மக்களின் பாதுகாப்பில் இனம்பெருக்குவதை சி. இ. ரீனியஸ் கண்டு எழுதிய குறிப்பு 1907இல் அந்த இதழில் வந்தது. பறவைக் குடியிருப்பும் அதைக் காக்கும் ஊரும் சேர்ந்தே ஆய்வுலகின் கண்ணில் பட்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

1941இல் வெளியான சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் நிலைமையை மாற்றியது. வண்ணப் படங்களும் எளிய விளக்கமும் கொண்ட கையடக்க நூலும் ஓர் இருநோக்கியும் இருந்தால் யாரும் ஏரிக்கரையில் நின்று பறவையை இனம்காணலாம் என்றாயிற்று. சுட்டால்தான் அறியலாம் என்ற எண்ணம் அதோடு வலுவிழந்தது.

கண்ணாடித் தகட்டிலிருந்து சுருள் வரை

பறவைகளை ஒளிப்படம் எடுப்பது தொடக்கத்தில் மிகக் கடினமான வேலை. ஒளியுணர் பூச்சு பூசிய கண்ணாடித் தகடுகள் மெதுவாகவே ஒளியை ஏற்றன. கேமராவும் முக்காலியும் சுமைதூக்கிகள் சுமக்கும் பளு. பறக்கும் பறவையைப் படம்பிடிக்க வழியில்லை. ஆகவே படக்காரர்கள் கூட்டை நாடினர். பறவை எங்கே போனாலும் கூட்டுக்குத் திரும்பும். முன்னதாகவே கூட்டின் மேல் குவியத்தைச் சரிசெய்து, தழையாலும் துணியாலும் செய்த மறைவிடத்துக்குள் காத்திருந்தால் போதும். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் இவ்வாறு எடுத்த படங்களோடு 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி நூல் வெளியிட்டனர். முழுக்க நேரடி ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் இயற்கை நூல்களில் அது ஒன்று.

இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்கு நடந்து கம்பியை இடறினால் தானே விளக்கு மின்னிப் படமெடுக்கும் முறையில் வட இந்தியக் காடுகளின் புலிகளைப் படமாக்கி 1927இல் நூல் எழுதினார். துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவைப் பரிந்துரைத்த குரல்களில் அவருடையது வலுவானது. பறவைகளை மட்டுமே படமெடுத்தவர்களுள் ரயில்வேயில் பணியாற்றிய ஈ. எச். என். லோதர் குறிப்பிடத்தக்கவர், அவருடைய நூல் 1949இல் வெளிவந்தது. சிங்கப்பூரின் திரையரங்கத் தொழிலதிபர் லோக் வான் தோ, சாலிம் அலியோடு இந்தியாவில் பயணம் செய்து எடுத்த படங்கள் இடம்பெற்ற நூல் 1957இல் வந்தது. பெங்களூருவில் தி.ந.அ. பெருமாள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுதும் இந்தக் கலையில் பலரைப் பயிற்றினார்; அவர் 2017இல் மறைந்தார்.

ஏரிப் பறவைகள் படக்காரருக்குத் தனிச் சிக்கல்களைத் தருகின்றன. வெண்கொக்கும் கரிய நீர்க்காகமும் ஒரே கிளையில் அமர்ந்திருக்கும். வெள்ளைக்கு ஏற்ப ஒளி அளந்தால் கருமை மொத்தையாகிவிடும். கருமைக்கு ஏற்ப அளந்தால் கொக்கின் இறகு வரிகள் மறைந்து வெறும் வெளிச்சமாகும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அளவைக் குழப்பும். நடுப்பகலின் கானல் தொலைவுப் படத்தை மங்கச் செய்யும். எனவே காலையும் மாலையும் சாய்ந்து விழும் வெளிச்சமே படத்துக்கு ஏற்றது என்பது ஏரிக்கரைப் பாடம். இரையோடு திரும்பும் பறவைகளால் கூடுகள் பரபரப்பாவதும் அந்த வேளைகளில்தான்.

மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் பறவை நோக்குதலையும் காட்டுயிர் ஒளிப்படத்தையும் எழுத்தையும் ஒருவரே இணைத்துச் செய்தார் என்றால் அவர் மா. கிருஷ்ணன். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 46 ஆண்டுகள் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாமல் எழுதினார். யானையும் காட்டெருமையும் பேசப்பட்ட அளவுக்கு வீட்டுக் கொல்லையின் அணிலும் ஊர்க் குளத்தின் கொக்கும் அதில் பேசப்பட்டன. தமிழிலும் எழுதினார்; அந்தக் கட்டுரைகளைத் தேடித் திரட்டி சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகப் பதிப்பித்தார். கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தம் தேவைக்கேற்பத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமரா அவருடையது. வெளிநாட்டுக் கருவிகளும் ஃபிலிமும் எளிதில் கிடைக்காத, கிடைத்தாலும் விலை தாளாத காலம் அது. ஒரு தகட்டை வீணாக்குவதும் இழப்பு. ஆகவே உயிரினத்தை நெடுநேரம் பார்த்து, அதன் அடுத்த அசைவை ஊகித்து, உரிய கணத்தில் மட்டுமே விசையை அழுத்த வேண்டியிருந்தது. நோக்குதலே படமெடுத்தலின் முதல் படி என்ற ஒழுக்கத்தை அந்தப் பற்றாக்குறையே கற்பித்தது.

வேடந்தாங்கலைப் பற்றியும் கிருஷ்ணன் எழுதினார். அரசு ஆவணங்களில் மட்டும் இருந்த கவுலின் கதையும் உழவர்களின் காவலும் நகரத்து வாசகர்களை எட்டியதில் அவரைப் போன்றோரின் எழுத்துக்குப் பங்குண்டு. சென்னையிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருந்ததால், சாலையும் பேருந்தும் வந்த பின் வேடந்தாங்கல் பள்ளிச் சுற்றுலாக்களின் இடமானது. பறவைகளைக் கூண்டுக்கு வெளியே, கூட்டிலேயே பார்க்கும் வாய்ப்பைப் பல தலைமுறைச் சிறுவர் சிறுமியருக்கு முதன்முதலாகத் தந்தது இந்த ஏரிக்கரைதான். 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கம் இந்த ஆர்வத்துக்கு ஓர் அமைப்பைத் தந்தது. அதன் இதழில் உறுப்பினர்கள் ஏரிகள், கழிமுகங்கள், சதுப்புநிலங்களின் பறவைக் குறிப்புகளைப் பதிந்தனர்.

கவுலிலிருந்து ராம்சார் வரை

ஊரின் காவலை அரசு படிப்படியாகத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1936இல் செங்கல்பட்டு கலெக்டர் வேடந்தாங்கலைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றார். 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் ஏரி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவையைக் கொல்வதோடு, முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள் கொண்டுவந்த சட்டம் அது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் நிலம் முழுவதும் சரணாலயமாயிற்று.

5 கிலோமீட்டர் என்ற அந்த அளவுக்குத் தெளிவான காரணம் உண்டு. 30 ஹெக்டேர் ஏரி பறவைகளுக்குத் தங்குமிடம் தருகிறது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு இரை தருவது சுற்றியுள்ள வயல்களும் சிற்றேரிகளும். அவை நஞ்சானாலோ கட்டடமானாலோ ஏரி நிரம்பியிருந்தும் பயனில்லை. 2020இல் இந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது இயற்கை ஆர்வலர்களும் உள்ளூர் மக்களும் எதிர்த்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் கூந்தன்குளம், வடுவூர், வெள்ளோடு, உதயமார்த்தாண்டபுரம், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. இவை யாவும் பாசனத்துக்காக மக்கள் வெட்டிய நீர்நிலைகள்.

எண்ணிக்கையும் டிஜிட்டல் படமும்

தனி ஆர்வலரின் குறிப்பு ஓர் ஏரியின் ஒரு நாளைச் சொல்லும். பல ஏரிகளின் பல ஆண்டுகளை ஒப்பிட ஒரே முறையில் எடுத்த கணக்கு தேவை. அதற்காக 1987இல் தொடங்கியது ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தன்னார்வலர்கள் நீர்நிலைகளுக்குச் சென்று இனவாரியாக எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. சரணாலயம் போக வேண்டியதில்லை. வீட்டு மாடி, கோயில் குளம், கண்மாய்க் கரை எங்கிருந்தும் பார்த்ததை இணையத்தில் பதியலாம். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய பறவைகள் அறிமுகக் கையேடு போன்ற தமிழ் நூல்கள் ஆங்கிலம் அறியாத கிராமத்து மாணவர்களையும் இந்தப் பணிக்குள் அழைத்து வந்தன.

2000க்குப் பின் டிஜிட்டல் கேமரா பரவியதும் படமெடுப்போர் எண்ணிக்கை பன்மடங்காகியது. 36 படம் கொண்ட சுருளின் எல்லை மறைந்தது. தானே குவியம் சரிசெய்யும் தொலைநோக்கு வில்லைகள் பறக்கும் பறவையையும் துல்லியமாகப் பிடித்தன. படத்தோடு நாளும் நேரமும் தாமே பதிவாகின்றன. அதனால் பொழுதுபோக்குக்காக எடுத்த படமும் சான்றாகப் பயன்படுகிறது. ஐயத்துக்குரிய பறவையைப் படத்தை வைத்துப் பலர் கூடி இனம்காண முடிகிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை கட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் படமெடுக்கப்பட்டபோது, பட்டையிலிருந்த எண்ணைக் கொண்டு அவை எங்கிருந்து வந்தவை என்று உறுதிசெய்ய முடிந்தது. பறவையைத் தொடாமலே அதன் பயணத்தை அறியும் வழி இது.

கரையில் நிற்பவரின் கடமை

கருவி எளிதானதோடு தொல்லையும் பெருகியது. இன்னும் சற்று அருகில் என்ற ஆசையால் கரையை விட்டு இறங்குவதும், பறக்கும் படத்துக்காகக் கைதட்டிக் கிளப்புவதும், மறைக்கும் தழையை ஒடிப்பதும் பல நீர்நிலைகளில் நடக்கின்றன. அடைகாக்கும் பறவை வெயிலில் சில நிமிடம் எழுந்து போனால் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் வெப்பத்தில் அழியும். காகமும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கின்றன. மறைவிடத்திலிருந்து கூட்டைப் படமெடுத்த பழைய முறையை இன்றைய நெறி ஏற்பதில்லை. பல ஒளிப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை விலக்கிவிட்டன. வேடந்தாங்கலில் பார்வையாளர்கள் கரையிலுள்ள நடைபாதையிலும் காட்சிக் கோபுரத்திலும் நின்றே பார்க்க வேண்டும். பறவைகள் நடுவே நீர் இருக்க, கரையிலிருந்தே அவற்றின் வாழ்க்கையைத் தொல்லையின்றிக் காண முடிவது இந்த ஏரியின் பெரும் பேறு.

நீர் இல்லையென்றால் இந்தப் பேறும் இல்லை. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் மிகக் குறைவாகவே வந்துள்ளன. கூடு கட்டிய பின் நீர் விரைந்து வற்றினால் அவை குஞ்சுகளையும் விட்டுப் போக நேர்கிறது. வரத்துக் கால்வாய் அடைபட்டாலும், ஆயக்கட்டு நிலம் மனையாகி ஏரியின் தேவையே ஊருக்கு இல்லாமல் போனாலும், எந்தச் சட்டமும் மரத்தடிக்கு நீரைக் கொண்டுவராது. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இந்தப் பறவைகள் பிழைத்ததற்குக் காரணம், ஏரி நிறைய வேண்டும் என்ற அக்கறை கீழே பயிரிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்ததுதான்.

ஆகவே பறவையைப் படமெடுக்க விரும்புவோர் தொலைதூரச் சரணாலயத்தைத் தேடுவதற்கு முன் தம் ஊர்க் குளத்தின் கரையில் நிற்கட்டும். எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது, எத்தனை வந்தது, நீர் எவ்வளவு இருந்தது என்பதைப் படத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் எழுதிவைக்கட்டும். அந்தக் குளத்துக்கு நீர் வரும் கால்வாய் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். ஒரு நீர்நிலையை மீட்கவும் காக்கவும் நாளை ஊரார் அரசிடம் முறையிட நேர்ந்தால், கையில் கொண்டுபோக வேண்டிய ஆவணம் அதுவே.